மாமா பழுது பார்த்த அலைப்பெட்டி

மாமா அந்தப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டி, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி சந்துக்குள் வந்தபோது, எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது என்று பிள்ளைகள் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். சுற்றியிருந்த பழைய போர்வையை அவர் அவிழ்க்கும் வரை அந்த நம்பிக்கை இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, மீதி இடமெல்லாம் திருகுகள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள்.

“இதுல படம் தெரியாதா தம்பி?” என்று அம்மா கேட்டாள்.

“அலை தெரியுமுங்க்கா.”

“அலைய வச்சு என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மைசூரில் அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. ஒரு முற்றம், அதைச் சுற்றி ஆறு சிறு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். ஆறு வீடுகளில் எங்களுடையது ஒன்றுதான் தமிழ் வீடு. அப்பா நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வந்தார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ படிக்க வந்தவர், படிப்பு முடிந்த பிறகும் எங்களுடனே தங்கிவிட்டார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் ஒரு கடையில் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கன்னடப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் பெயர் ஆசிலாஸ்கோப். ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக மூலையில் கிடந்தது. அங்கிருந்த ஒரு லெக்சரர் தன் வீட்டு டி.வி.யைச் சரிசெய்ய வந்த மாமாவின் கைவேலையைப் பார்த்து, “இதை ஓடவைத்துக் காட்டு, லேபில் ஒரு டெம்பரரி வேலை காலியாகிறது, உன் பெயரைச் சொல்கிறேன்” என்று சொல்லி அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பியிருந்தார். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. கல்லூரியில் வேலை என்ற சொல்லே அவர் காதை அடைத்துவிட்டிருக்க வேண்டும். அம்மா அன்றே சாமுண்டி மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

தசரா முடிந்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், கடைக்குப் போவதற்கு முன் காலையில் கிடைத்த ஒரு மணி நேரத்திலும் மாமா அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தார். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பல்லி முட்டை ஓடுகளும் ஒரு கை அளவு தூசியும் வந்தன. பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசியைக் கூட்டினார். திருகுகளின் அடியில் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டு, ஒவ்வொன்றையும் இப்படியும் அப்படியும் ஐம்பது தடவை திருப்பினார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

மின்சாரம் கொடுக்கும் நாளன்று, பெட்டிக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை இணைத்தார்.

“உள்ள எங்காச்சும் ஷார்ட் இருந்தா இந்த பல்பு பிரகாசமா எரியும் அம்மிணி. பொட்டி தப்பிச்சுக்கும்.”

ஸ்விட்சைப் போட்டதும் பல்பு கண் கூசும்படி எரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், கை தட்டினேன். மாமா முகம் வாடி ஸ்விட்சை அணைத்தார். வெளிச்சம் கெட்ட செய்தியாக இருக்க முடியும் என்பது எனக்கு விளங்க அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு வாரம் தேடி, கட்டைவிரல் தடிமனில் இருந்த இரண்டு கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி, புதிதாக இரண்டைப் பற்றவைத்த பின் பல்பு மங்கியது. பெட்டிக்குள் இருந்த கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கனிந்தன. ஆனால் வட்டக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஆபத்தான வேலை. அந்த வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போகும் மின்சாரம் ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் என்றார். என்னைக் கட்டில் மேல் ஏற்றி உட்காரவைத்தார்.

“எறங்குனா காலை ஒடிச்சுப்போடுவேன்.”

அவர் இடது கையைப் பின்பக்கம் பெல்ட்டில் செருகிக்கொண்டு வலது கையால் மட்டுமே மீட்டர் முனையை வைப்பார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகுமாம். இப்படி ஒற்றைக் கையோடு குனிந்து நிற்கும் மாமாவைப் பார்த்தால் வாத்தியாரிடம் திட்டு வாங்கும் பையன் மாதிரி இருக்கும். அம்மா சமையலறை வாசலில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் குற்றவாளி ஒரு ரெசிஸ்டர். கருகவில்லை, வெடிக்கவில்லை. வண்ண வளையங்களோடு புதிதுபோல இருந்தது.

“பார்த்தா நல்லாத்தான் இருக்குது. உள்ளார அறுந்து கெடக்குது” என்று அதை என் கையில் கொடுத்தார். அதே அளவில் ஒன்று மைசூரில் கிடைக்கவில்லை. சிறிய ரெசிஸ்டர்கள் நான்கை வால் பிடித்து நிற்கவைத்ததுபோல் பற்றவைத்துச் சமாளித்தார்.

அன்று கண்ணாடியின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. கடுகளவு. நான் இன்னும் பிரகாசமாக்கச் சொன்னேன். அவர் அவசரமாக மங்கவைத்தார். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியின் உள்பூச்சு வெந்துவிடுமாம். புள்ளி ஓடவேண்டும், ஓடினால்தான் கோடு. அது ஓட மறுத்து மேலும் இரண்டு வாரம் நின்றது. மாமா ஒரே மாதிரி இருந்த வால்வுகளை இடம் மாற்றி மாற்றிச் செருகினார். பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு பற்றவைப்பையும் தட்டிப் பார்த்தார். அந்த நாட்களில் அவர் சாப்பிடும்போதுகூடச் சோற்றில் விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, மாமா என் தலையைத் தட்டிக் கூப்பிட்டார். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்று ஒரு கம்பளியைப் பெட்டியின் முகத்தின் மேல் போர்த்தியிருந்தார். இருவரும் அந்தக் கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். இடமிருந்து வலமாக ஒரு பச்சைக் கோடு. தடுமாறாமல், நேராக. கம்பளிக்குள் மாமாவின் மூச்சு சூடாக என் கன்னத்தில் பட்டது. பிறகு ஒரு ஒயரின் நுனியை என்னிடம் கொடுத்து, “இதைப் புடி” என்றார்.

நான் பிடித்ததும் கோடு எழுந்து அலை அலையாக ஆடியது. விட்டேன், படுத்துக்கொண்டது. பிடித்தேன், எழுந்தது.

“என்ன மாமா இது?”

“காத்துல இருக்குற கரண்டு அம்மிணி. வீட்டு ஒயருல ஓடறது. உன்ற ஒடம்பு ஏரியல் மாதிரி அதைப் புடிக்குது.”

“பேசறதும் தெரியுமா?”

“மைக் வச்சாத் தெரியும். பேச்சும் அலைதான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை நானே செய்துகொண்டேன்.

செய்தி கேட்டு எதிர்வீட்டு மேஷ்டரு பார்க்க வந்தார். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ஆன்ட்டி சாயங்காலங்களில் என்னைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிடுவார், தட்டில் எதையாவது வைத்துத் தின்னச் சொல்வார். மேஷ்டரு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் படம்தான் பார்த்திருக்கிறேன், நிஜத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், எத்தனை வோல்ட் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். மாமா மகிழ்ச்சியோடு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அம்மா காபி கொடுத்தாள்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா போலீஸ் ஜீப் ஓட்டுகிறவர். எங்கள் ஊர்ப்பக்கத்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்த ஒருவனை இரண்டு மாநிலத்துப் போலீசும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஹனூர்ப் பக்கம் போகும் பஸ்களை நிறுத்தி ஆண்களை இறக்கிப் பார்ப்பார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அம்மா பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். எனக்கு அதெல்லாம் பெரியவர்களின் சமாச்சாரம். என்னைப் பொறுத்தவரை அந்தப் பெண்ணிடம் ஒரு பெருமை இருந்தது, என்னிடம் இல்லை. அவள் அப்பாவின் ஜீப்பில் வயர்லெஸ் இருக்கிறது, அதில் ‘ஓவர் ஓவர்’ என்று மாதேஸ்வரன் மலை வரைக்கும் பேசலாம் என்று அவள் தினமும் சொல்வாள்.

அந்தத் திங்கட்கிழமை நானும் சொன்னேன். எங்கள் மாமாவிடம் ஒரு மெஷின் இருக்கிறது. காற்றில் போகும் பேச்செல்லாம் அதில் தெரியும். உங்க அப்பா வயர்லெஸ்ஸில் பேசுவதுகூடத் தெரியும். கம்பளி போர்த்திக்கொண்டுதான் பார்ப்போம்.

“சுள்ளு” என்றாள் அவள். பொய் என்று அர்த்தம்.

“நிஜம்தான். காட்டில் இருந்து பேசினாலும் தெரியும்” என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அன்று முழுக்க எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது சந்து முனையில் ஜீப் நின்றது. உள்ளே கரகரவென்று வயர்லெஸ் பேசிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, “நம்ம ஹுடுகி கிளாஸ் அல்லவா நீனு?” என்று மெதுவாகக் கேட்டார். தன் மகளின் வகுப்புதானே என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

வீட்டுக்குள் நான்கைந்து பேர் இருந்தார்கள். பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. மாமாவைக் கடையிலிருந்தே கூட்டிவந்திருந்தார்கள். அவர் சட்டைப்பையில் டெஸ்டர் அப்படியே இருந்தது. அவர்களில் ஒருவர் மாமாவின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் மாமா பெட்டியின் உள்வழிகளையெல்லாம் கோடுகோடாக வரைந்து, பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

“இது வயர்லெஸ் இல்லீங்க சார், ஆசிலாஸ்கோப் சார். காலேஜ் லேப் பொட்டி” என்று மாமா கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“ஊரு யாவுது?”

“ஹனூர் பக்கம் சார்.”

நோட்டுப் புத்தகத்தை மூடினார்கள். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

அம்மா வாசல் வரை ஓடினாள். “என்ற தம்பிங்க சார், ஒரே தம்பி, ஒண்ணும் அறியாதவனுங்க” என்று அவள் தமிழில் கத்தியது அங்கே யாருக்கும் விளங்கியிருக்காது. வட்டமாக நின்ற மற்ற வீட்டார் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஜீப் கிளம்பியதும் எதிர்வீட்டு மேஷ்டரு மட்டும் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு புத்தகத்தோடு ஸ்கூட்டரை உதைத்து ஜீப்பின் பின்னாலேயே போனார். அம்மா அதைப் பார்த்தாள்.

அப்பா நஞ்சன்கூட்டிலிருந்து வந்ததும் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே மாமா இல்லை. விசாரணைக்கு வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள், எந்த இடம் என்று சொல்லவில்லை. அப்பா அந்த லெக்சரர் வீட்டுக்குப் போனார். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, பழைய சாமானைக் கழிக்கச் சொன்னது நிஜம், யார் எடுத்துப் போனார்கள் என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். அப்பா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல யாருகிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?”

“இல்லம்மா.”

அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கு வேறு விடை கிடைத்துவிட்டிருந்தது. அன்று வந்து நோண்டி நோண்டிக் கேட்டது யார்? எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று விசாரித்தது யார்? ஜீப் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனது யார்? அம்மா இதை முதலில் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, “சும்மா இரு, தெரியாம பேசாத” என்றார். சும்மா இருக்கச் சொன்னதால் அவளுக்கு அது உறுதிப்பட்டது. அடுத்த நாள் குழாயடியில், எதிர்வீட்டு ஆன்ட்டியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். தனக்குத் தெரிந்த கன்னடம் போதாமல் தமிழிலும் சேர்த்துச் சொன்னாள். உங்க புருஷன் என் தம்பியைக் காட்டிக்கொடுத்துட்டான், உங்களுக்குப் பிள்ளை இல்லாததுக்கு இதுதான் காரணம். ஆன்ட்டி குனிந்தார். உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலே உள்ளே போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு. மூன்று தடவை எழுதினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மாமா வந்தார். யாருடையதோ ஒரு பெரிய சட்டை போட்டிருந்தார். ஒரு பட்டன் மாற்றி இன்னொன்றில் மாட்டியிருந்தது. அம்மா அழுதுகொண்டே தட்டை வைத்தாள். மாமா சோற்றில் கையை வைத்தார், பிசைய முடியவில்லை. விரல்கள் தனித்தனியாக நடுங்கின. அம்மா தட்டை வாங்கி, உருட்டி உருட்டி அவர் வாயில் ஊட்டினாள்.

“மாமா பாப்பா மாதிரி சாப்பிடறாங்க” என்று சொல்லி நான் சிரித்தேன்.

மாமாவும் சிரித்தார். “ஆமா அம்மிணி, குளுரு” என்றார். நான் உள்ளே போய் அவருக்கு அப்பாவின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்தேன்.

பெட்டியும் சில நாளில் திரும்பி வந்தது. மூடி இல்லை. வால்வுகள் பாதி இல்லை. வட்டக் கண்ணாடியில் ஒரு விரிசல், மேலிருந்து கீழாக. மாமா அதை மூலையில் வைத்து அதே பழைய போர்வையைப் போர்த்தினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“மறுபடியும் ரிப்பேர் பண்ணலாம் மாமா.”

“பண்ணலாம்” என்றார். சால்டரிங் அயர்னைச் சூடேற்றி ஒரு தடவை கையிலும் எடுத்தார். அதன் நுனி காற்றில் கிறுக்கியது. அணைத்து வைத்துவிட்டார். கடைக்காரர் ஏற்கெனவே வேறு ஆளைச் சேர்த்திருந்தார். கல்லூரியில் அந்த டெம்பரரி வேலைக்கும் வேறு ஆள் வந்தாயிற்று என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒரு நாள் கல்லூரியிலிருந்து ஒரு பியூன் ஆட்டோவில் வந்து, பதிவேட்டில் இருக்கும் பொருள் என்று சொல்லி, அந்தப் பெட்டியை அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மாமா திருப்பூருக்குப் புறப்பட்டார். பனியன் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூட்டை கட்ட விரல் நுனிகள் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் நானும் போனோம். அப்பா டீ வாங்கப் போன நேரத்தில் மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் அம்மிணி. கேட்டாலும் சொல்லாத. பெரியவளாகி, கல்யாணமாகிப் போனாலும் சொல்ல வேண்டாம். என்ன?”

“சரி மாமா.”

நான் அப்படியே ஒப்புக்கொண்டேன். எதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. முந்தின நாள் அவர் முற்றத்தில் பீடி பிடித்ததை நான் பார்த்திருந்தேன். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருப்பது பெருமையாக இருந்தது.

அம்மா இறந்த பிறகு, காரியமெல்லாம் முடிந்து நானும் அப்பாவும் தனியாக இருந்த ஒரு பகலில் அப்பா சொன்னார். அன்று மேஷ்டரு கையில் கொண்டுபோனது பி.யு.சி. இயற்பியல் புத்தகம். அதில் ஆசிலாஸ்கோப் படம் போட்ட பக்கத்தைத் திறந்து, இது பேசும் இயந்திரம் அல்ல, கேட்கும் இயந்திரமும் அல்ல என்று ஸ்டேஷனில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பது நாளும், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா அவரை அங்கேதான் பார்த்தார். நான் அரசாங்க உத்தியோகஸ்தன், என் பெயர் வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து, உங்கள் வீட்டம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று மேஷ்டரு கையைப் பிடித்துக்கொண்டாராம். அம்மாவுக்குத் தெரிந்தால் குழாயடிக்குத் தெரியும். ஆகவே அப்பா சொல்லவில்லை. மேஷ்டரு ஓய்வு பெற்று ஊரோடு போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“அப்புறம் சொன்னா, அவ பேசின பேச்சையெல்லாம் எப்படித் தாங்குவா?” என்றார்.

நான் அப்போது என் பங்கைச் சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சு, ஜீப் டிரைவரின் மகள், கம்பளி என்று இரண்டு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தெரியும். உன்ற மாமனுக்கும் தெரியும். ‘உன் அக்கா மகதான் சொன்னா’ன்னு அங்க முதல் நாளே அவன்கிட்டச் சொல்லியிருக்கறாங்க.”

மாமா இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறார். நான் போனால் அம்மிணி என்றுதான் கூப்பிடுகிறார். நாங்கள் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அவர் பஸ் ஏறிப்போன அந்த வாரத்தின் கடைசியில் சங்கராந்தி வந்தது. எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. மைசூரில் அன்று வீட்டுக்கு வீடு தட்டு எடுத்துப் போவார்கள். எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை கலந்து, மேலே சர்க்கரையில் அச்சு வார்த்த பொம்மை ஒன்று வைத்து, ‘எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசுங்கள் என்று அர்த்தம்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். எதிர்வீட்டு ஆன்ட்டி புதுப் புடவை கட்டி, கையில் தட்டோடு நின்றிருந்தார். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் உயரம்தான்.

“பாப்பா, எள்ளு பெல்லா தகோ” என்றார் ஆன்ட்டி. வாங்கிக்கொள் என்கிறார். நான் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை. கதவின் கீழ் இடுக்கில் என் பாதம் தெரிந்திருக்கலாம்.

நான் பேசவில்லை. கேட்டாலும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் மாமா சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர் தட்டை வாசற்படியில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வாக்கியத்தை, பண்டிகையில் சொல்ல வேண்டிய அதே வாக்கியத்தை, மூடியிருந்த கதவைப் பார்த்து ஒரு தடவை சொன்னார்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போனதும் கதவைத் திறந்து சர்க்கரைப் பொம்மையை எடுத்துக்கொள்ளலாம், அம்மாவுக்குத் தெரியாமல் தின்றுவிடலாம் என்று காத்திருந்தேன். வெகுநேரம் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இன்னும் எதற்காக இவர் இங்கேயே நிற்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.